காற்றை விளக்காக்கிய ஆசிரியர்

டென்மார்க் தேசம் இன்று தனக்கு வேண்டும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்தே பெறுகிறது. வெப்பவாயுக்களின் வெளியீட்டை 1990-ஆம் வருஷத்து அளவினின்றும் 70 சதவிகிதம், 2030-க்குள் குறைப்பதென்று சட்டமும் செய்திருக்கிறது. இம்முயற்சிக்கு வித்திட்டவர் ஒரு கிராமத்து ஆசிரியர் என்பதை நாம் அறிதல் நலம்.

பௌல் லா கூர் 1846-இல் ஜனித்தவர். பௌதிக சாஸ்திரத்தில் தேர்ந்து, டென்மார்க் வானிலை நிலையத்தின் உபதலைவராக விளங்கினார். தந்தி முறையில் நூதன சாதனங்களையும் கண்டுபிடித்தார். ஆயினும் 1878-இல் தலைநகரைத் துறந்து, அஸ்கோவ் கிராமத்தில் குடியானவர் மக்கள் பயிலும் கலாசாலையில் போதிக்கச் சென்றார்.

மின்சாரம் நகரங்களோடு நின்றுவிடில் கிராமங்கள் க்ஷீணிக்கும் என்பது அவரது கவலை. அந்நாட்டில் நிலக்கரியுமில்லை, பேரருவிகளுமில்லை. காற்று ஒன்றே குறைவின்றி வீசியது. சர்க்கார் உதவியுடன் 1891-இல் அஸ்கோவில் சோதனைக் காற்றாலை ஒன்றை நிறுவினார். காற்று ஓய்ந்தால் என் செய்வது? ஆலை தந்த மின்சாரத்தால் நீரைப் பிரித்து, ஹைடிரஜன் வாயுவைச் சேமித்து, 1895 முதல் கலாசாலை விளக்குகளை எரித்தார். வாயு வெடித்து ஜன்னல்கள் உடைந்ததும் உண்டு. அதற்காக அவர் சோரவில்லை. பின்னர் மின்கல அடுக்குகளைக் கைக்கொண்டார். குழாயினுள் காற்றைச் செலுத்தி இறக்கைகளின் மாதிரிகளைச் சோதித்து, பல இறக்கைகளைக் காட்டிலும் விரைந்து சுழலும் சில இறக்கைகளே மேலென நிலைநாட்டினார்.

யந்திரத்தை மட்டும் ஆக்கி அவர் அமைந்தாரில்லை. 1903-இல் காற்று மின்சாரச் சங்கமொன்றைத் தோற்றுவித்தார். மறுவருஷம் முதல் கிராம இளைஞரை மின்சாரத் தொழிலில் பயிற்றுவித்தார். அவர் 1908-இல் காலஞ்சென்றார். முதல் உலக யுத்தத்தில் எரிபொருள் தட்டுப்பட்டபோது, கிராமக் காற்றாலைகள் பெரிதும் கைகொடுத்தன. அவரிடம் பயின்ற யொஹானெஸ் யூல், 1957-இல் கெட்ஸர் என்னுமிடத்தில் 200 கிலோவாட் காற்றாலையை இயக்கினார். பிற்காலத்து ஆலைகளுக்கு அதுவே வழிகாட்டியாயிற்று.

மின்சார இலக்குகளைச் சர்க்கார்கள் காகிதத்தில் வகுத்துவிடலாம். அவை கைகூடுவது, ஊர்தோறும் ஆலையை நிறுவவும் பழுது பார்க்கவும் வல்லவர் இருந்தால்தான். ஆலையைப் போலவே ஆளையும் உருவாக்கிய லா கூரின் நெறியே எந்நாட்டுக்கும் ஏற்றதென்பது நமது துணிபு.