பழுப்பு நிறக் கண்கள்



கடல் கடந்து வந்து தமிழ் மண்ணிலேயே கலந்துபோன கிறிஸ்தவத் தொண்டர் யார் என்று கேட்டால், மங்கலம்பேட்டைக்காரங்க நாம உடனே பக்கத்துல இருக்கிற கோணான்குப்பத்தைக் காட்டி, வீரமாமுனிவர் என்று சொல்லிவிடுவோம். நான் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டது இன்னொருவரை. அவர் பெயர் ஏமி கார்மைக்கேல். திருநெல்வேலிச் சீமையில், களக்காடு பக்கத்தில் உள்ள டோனாவூரில் வாழ்ந்தவர். அவர் செய்த தொண்டு பெரியதுதான். ஆனால் அதைவிட என்னைக் கவர்ந்தது, அவர் தன்னைத் தானே ஏற்றுக்கொண்ட விதம்.

1867 டிசம்பர் 16-ஆம் நாள் அயர்லாந்தில் மில்லைல் என்ற கடலோர ஊரில் ஏமி பிறந்தார். அம்மாவுக்கு நீல நிறக் கண்கள். ஏமிக்கோ பழுப்பு நிறக் கண்கள். அந்தக் குழந்தைக்கு இது பெரிய குறையாகப் பட்டது. கேட்டால் கடவுள் கொடுப்பார் என்று அம்மா சொல்லியிருந்ததால், ஒருநாள் இரவு நீலக் கண் வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தூங்கினாள். விடிந்ததும் ஓடிப்போய்க் கண்ணாடியைப் பார்த்தாள். அதே பழுப்புக் கண்கள்! பிள்ளைக்கு ஒரே ஏமாற்றம். இல்லை என்று சொல்வதும் ஒரு பதில்தான் என்பதை அன்று அவள் கற்றுக்கொண்டாள்.

அவருக்கு 17 வயதிருக்கும்போது, 1885-இல், அப்பா இறந்துபோனார். உடம்பும் பலவீனம். நரம்பு வலி வந்தால் வாரக்கணக்கில் படுத்துவிடுவார். சீனாவுக்குத் தொண்டு செய்யப் போக விரும்பினார். உடல்நிலை சரியில்லை என்று அனுப்ப மறுத்துவிட்டார்கள். 1893-இல் ஜப்பானுக்குப் போனார். அங்கேயும் உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1895-இல் இந்தியா வந்தார். இவர் எத்தனை நாள் தாங்குவார் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அதன்பின் 55 ஆண்டுகள், ஒருமுறைகூட சொந்த ஊர் திரும்பாமல் இங்கேயே வாழ்ந்தார்!

பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் அந்தக் காலத்தில் இருந்தது. சென்னை மாகாணத்தில் அதைத் தடுக்கும் சட்டம் 1947-இல்தான் வந்தது. 1901-இல் அப்படிப்பட்ட நிலையிலிருந்து தப்பி வந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி ஏமியிடம் அடைக்கலம் கேட்டாள். அவளுக்குப் பின் இன்னும் பல குழந்தைகள் வந்தார்கள். டோனாவூரில் ஒரு பெரிய குடும்பமே உருவானது. எல்லாருக்கும் ஏமி அம்மாவானார். உண்மை நிலையைத் தெரிந்துகொள்ள, புடவை கட்டி, கைகளில் காபிச் சாயம் பூசிக்கொண்டு, ஊர்ப் பெண்களில் ஒருவராக அவர் போய்வந்தார் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. யோசித்துப் பாருங்க, கண் மட்டும் நீலமாக இருந்திருந்தால் உடனே கண்டுபிடித்திருப்பார்கள் இல்லையா? சின்ன வயதில் வேண்டாம் என்று அழுத கண்களே பிற்காலத்தில் அவருக்குத் துணையாக இருந்தன.

இதைவிடக் கடினமான பாடம் பிறகு வந்தது. 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனவர், இருட்டில் ஒரு குழியில் விழுந்துவிட்டார். கால் முறிந்தது, முதுகிலும் அடி. சீக்கிரம் எழுந்து நடந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் சாகும்வரை, ஏறக்குறைய 20 ஆண்டுகள், பெரும்பாலும் தன் அறையிலேயே கிடந்தார். ஊரெல்லாம் ஓடியாடி உழைத்தவர்! தான் தூக்கி வளர்த்த பிள்ளைகளே இப்போது தன்னைத் தூக்கி உட்காரவைக்க வேண்டிய நிலை. நான் யாருக்கும் பாரமாகிவிட்டேன் என்று தன்னையே வெறுத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. படுக்கையிலேயே எழுதினார். நோயாளிகளுக்கு ஆறுதலாக அவர் எழுதிய நூல் 1933-இல் வெளிவந்தது. நல்ல உடம்போடு இருப்பவர் சொல்லும் ஆறுதலைவிட, வலி தெரிந்தவர் சொல்லும் ஆறுதல் மனசுல நிற்கும் இல்லையா?

இதில் நமக்கு என்ன இருக்கிறது? நம்ம வகுப்புலயே பாருங்க. கறுப்பாக இருக்கிறேன் என்று போட்டோவுக்கு நிற்காதவங்க உண்டு. கணக்கில் மார்க் குறைஞ்சா, நான் எதுக்கும் லாயக்கில்லை என்று நாள் முழுக்கத் தன்னைத் தானே திட்டிக்கிறவங்களும் உண்டு. அந்த வார்த்தையை வேறொருவர் நம்ம தோழியைப் பார்த்துச் சொன்னால் நாம சண்டைக்குப் போவோம். நமக்கு நாமே சொல்லிக்கொண்டால் மட்டும் சரியா?

பிறரை நேசிக்கச் சொன்ன இயேசு, அதற்கு அளவாக வைத்தது நாம் நம்மை நேசிப்பதைத்தான். அளவுப்படியே காலியாக இருந்தால் அடுத்தவருக்கு எதை அளந்து கொடுப்பது? இந்த உண்மை எந்த மதத்தினருக்கும் பொருந்தும். தன்னை ஏற்றுக்கொள்வது என்றால் சோம்பேறியாக இருப்பது என்று அர்த்தமில்லை. மாற்ற முடிந்ததை உழைத்து மாற்ற வேண்டும்; மார்க் அடுத்த பரீட்சையில் கூடும். மாற்ற முடியாததற்காக நம்மை நாமே தண்டிக்க வேண்டாம். ஏமி அம்மையார் படுக்கையில் கிடந்தும் சும்மா இருக்கவில்லையே!

1951 ஜனவரி 18-ஆம் நாள் அவர் மறைந்தார். தன் கல்லறைமேல் கல் எதுவும் வைக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதனால் பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். அதில் அம்மா என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது.

நண்பர்களே, நாளைக் காலையில் கண்ணாடி முன் நின்று தலை வாரும்போது, அதில் தெரியும் முகத்தைப் பார்த்து ஒரு புன்னகை செய்யுங்கள். அந்த முகத்துக்கும் ஒரு வேலை காத்திருக்கிறது!

– பத்தாம் வகுப்பு மாணவி