மின்னல் கற்றைக்குக் கடிவாளம்

அணு விஞ்ஞானத்திலும் பியானோ வாசிப்பதிலும் ஒருங்கே தேர்ந்தவர் டாக்டர் ராஜா ராமண்ணா.

1925 ஜனவரி 28-ல், மைசூர் ராஜ்யத்துத் தும்கூரில் பிறந்தார். இளமையிலேயே பியானோ பயின்றார். பௌதிகம் படிக்கத் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்தார். பூந்தமல்லியை அடுத்த சென்னீர்குப்பத்தாருக்கு அது பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். பின்னர் லண்டனில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பி, 1949-ல் பம்பாயில் ஹோமி பாபாவிடம் சேர்ந்தார்.

1956-ல் டிராம்பேயில் இயங்கத் தொடங்கிய அப்சரா அணு உலையில் அவருக்கும் பங்குண்டு. 1974-ல் போக்ரான் அணு சோதனையை முன்னின்று நடத்தினார். நாடெங்கும் அவர் பெயர் பரவியது. ஆனால் அவர் ஆற்றிய வேறொரு தொண்டைப் பலர் அறியார்.

அணுசக்திக் கமிஷன் தலைவராக அவர் இருந்தபோது, 1984-ல் இந்தூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு அஸ்திவாரம் போடப்பட்டது. துகள்களை முடுக்கும் யந்திரங்களை நம்மவரே கட்ட வேண்டும் என்பது நோக்கம். அங்கே எழுந்ததே இன்டஸ்-2 என்னும் வளையம். சுற்றளவு சுமார் 172 மீட்டர். எலெக்ட்ரான்கள் அதை வினாடிக்கு 17 லட்சம் முறைக்கு மேல் சுற்றுகின்றன! அப்போது வெளிப்படும் எக்ஸ் கதிர்கள் உலோகம், புரதம் முதலியவற்றை ஆராய உதவுகின்றன.

இதில் ஒரு சங்கடம் உண்டு. எலெக்ட்ரான்கள் கொத்துக் கொத்தாக ஓடுகின்றன. முன்னே போகும் கொத்து குழாயில் விட்டுச் செல்லும் மின்புலம் பின்னே வருவதைத் தள்ளுகிறது. ஆட்டம் சுற்றுக்குச் சுற்று வளர்கிறது. விட்டுவிட்டால் கற்றை குழாய்ச் சுவரில் மோதி அழியும், சோதனையும் நின்றுபோகும்.

என்ன செய்வது? வழியில் உள்ள உணர்கருவி கொத்தின் விலகலை அளக்கிறது. மின்னணுக் கருவி கணக்கிட்டு, அதே கொத்து மீண்டும் சுற்றி வரும்போது எதிர்த்திசையில் சிறு தட்டுத் தட்டுகிறது. அடுத்த கொத்து வர வினாடியின் 50 கோடியில் ஒரு பங்குதான் அவகாசம்! அதற்குள் ஒரு கொத்துக்கு உரிய தட்டு மற்றொன்றின்மேல் விழாமல் முடிய வேண்டும். தன் சுருதி பிசகியதைத் தானே கேட்டு, அடுத்த கணமே திருத்திக்கொள்ளும் பாடகரின் காதைப் போன்றது இது.

2004 செப்டம்பர் 24-ல் ராமண்ணா மும்பையில் காலமானார். மறு ஆண்டில் இன்டஸ்-2-ல் எலெக்ட்ரான்கள் சுற்றத் தொடங்கின. அதைக் காண அவர் இல்லை. அவ்வாண்டே அந்நிலையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. கற்றையைக் கட்டிக் காக்கும் வித்தையை இன்று அங்கே நம் பொறியாளர்கள் கையாளுகிறார்கள். அவர் விரும்பியதும் அதுவே.