காளையை மாற்றவில்லை, வண்டியை மாற்றினார்!

கொங்கு நாட்டில் ரேக்ளா பந்தயத்தைப் பார்க்காதவர்கள் குறைவு.

இரண்டு காளைகள். பின்னால் ஒரு சின்னஞ்சிறு வண்டி. அதில் ஒரே ஒரு ஆள். மூட்டை கிடையாது, கூண்டு கிடையாது. காளைகள் பறக்கும்.

அதே காளைகளைப் பார வண்டியில் பூட்டுங்கள். பத்து மூட்டை நெல்லை ஏற்றுங்கள். நடைதான் நடக்கும். ஏன்? காளைகளின் பலம் குறைந்துவிட்டதா? இல்லை. இழுக்க வேண்டிய பாரம் கூடிவிட்டது.

இந்த எளிய உண்மையை மோட்டார் பந்தயத்தில் செய்து காட்டினார், கோவையைச் சேர்ந்த ஒருவர். அவர்தான் கரிவர்தன். பந்தய ரசிகர்களுக்கு அவர் "கரி".

ஆலைக் குடும்பம்

கரிவர்தன் 1954-ம் ஆண்டு பிறந்தார். கோவையில் புகழ் பெற்ற லட்சுமி மில் குடும்பத்தைச் சேர்ந்தவர்.

கோவைக்கு எந்திரம் புதிது அல்ல. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே 1920-ல் பஸ் விட்ட ஜி.டி.நாயுடு வாழ்ந்த ஊர் அது. பஞ்சாலைகளும், பம்பு செட்டு தொழிற்சாலைகளும், வார்ப்படப் பட்டறைகளும், கடைசல் பட்டறைகளும் நிறைந்த ஊர்.

அந்த ஊரில் வளர்ந்த கரிவர்தனுக்கு, கார் மேல் தீராத ஆசை. பணம் இருந்தது. விலை உயர்ந்த கார்களை வாங்கி ஊரைச் சுற்றி வந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பந்தயத்தில் கார் ஓட்டினார். அதோடு நிற்காமல், பந்தயக் கார்களைத் தாமே கட்டவும் தொடங்கினார்.

சென்னைக்கு வடக்கே உள்ளது சோழவரம். இரண்டாவது உலகப்போர் காலத்து விமான ஓடுபாதை ஒன்று அங்கே இருந்தது. போர் முடிந்த பிறகு அது கார் பந்தயத் திடல் ஆயிற்று. பந்தயம் என்றால் மக்கள் திரள் திரளாக வருவார்கள். அந்தத் திடலில் கரிவர்தனும் கார் ஓட்டினார்.

பலத்தைக் கூட்டுவது எப்படி?

பந்தயத்துக்கு வருகிற எவருக்கும் முதலில் எழும் கேள்வி ஒன்று உண்டு. என்ஜினின் பலத்தைக் கூட்டுவது எப்படி?

என்ஜினுக்குள் இருப்பது சிலிண்டர். அதற்குள் மேலும் கீழும் ஓடுவது பிஸ்டன். பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே போகின்றன. பிஸ்டன் அந்தக் கலவையை அழுத்துகிறது. பிளக்கில் பொறி பறக்கிறது. கலவை எரிந்து, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அந்தத் தள்ளல்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது.

இதில் பலத்தைக் கூட்ட நான்கு வழிகள் உண்டு.

முதல் வழி, சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, பெரிய பிஸ்டன் போடுவது. அடுப்பைப் பெரிதாக்குவது போன்றது இது. ஆனால் கடையக் கடைய சிலிண்டரின் சுவர் மெலியும். சூடு ஏறும்.

இரண்டாவது வழி, கலவையை இன்னும் இறுக்கி அழுத்துவது. சிலிண்டரின் தலைப்பகுதியைக் கொஞ்சம் இழைத்துவிட்டால், அழுத்தம் கூடும். அளவு மீறினாலோ ஆபத்து. கலவை கண்டபடி வெடித்து, என்ஜின் "டக் டக்" என்று தட்டும். பிஸ்டன் ஓட்டையாகிவிடுவதும் உண்டு. இதற்கு உயர்ந்த ரக பெட்ரோலும் வேண்டும்.

மூன்றாவது வழி, என்ஜின் நன்றாக மூச்சு விடச் செய்வது. பெரிய கார்புரேட்டர், பெரிய வால்வு, தடையில்லாத புகைக் குழாய் ஆகியவற்றைப் பொருத்துவார்கள். வேகமாக ஓடும்போது பலன் தெரியும். மெதுவாகப் போகும்போது இழுவை குறையும்.

நான்காவது வழி, காற்றை உள்ளே திணிப்பது. என்ஜினில் இருந்து வெளியேறும் புகையைக் கொண்டே ஒரு சிறு விசிறியைச் சுழற்றி, காற்றை அழுத்தி உள்ளே அனுப்பலாம். இதற்குப் பெயர் டர்போ. சுவிட்சர்லாந்து எஞ்சினீயர் ஒருவர் 1905-ம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். சின்ன என்ஜினுக்கும் பெரிய பலம் வரும். ஆனால் செலவு அதிகம். சூடும் அதிகம்.

நான்கு வழிகளும் உண்மையான வழிகள்தான். ஆனால் நான்குக்கும் பணம் வேண்டும். அந்த நாளில் வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கடுமையான இறக்குமதி வரி வேறு. அதனால் வசதி படைத்தவர்களுக்கே கார் பந்தயம் கைக்கு எட்டியது. திறமை இருந்தும் பணம் இல்லாத இளைஞர்கள், வேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான்.

ஐந்தாவது வழி

ஐந்தாவதாக ஒரு வழி இருக்கிறது. என்ஜினைத் தொடவே வேண்டாம். பாரத்தைக் குறைத்தால் போதும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு காரின் எடை 640 கிலோ. அதன் என்ஜின் 40 குதிரைச் சக்தி. அப்படியானால், ஒவ்வொரு குதிரையும் 16 கிலோவை இழுக்கிறது. அதை 8 கிலோவாகக் குறைக்க வேண்டும். ஒன்று, என்ஜினை 80 குதிரைச் சக்தி ஆக்க வேண்டும். அல்லது, காரை 320 கிலோ ஆக்க வேண்டும்.

இன்னொரு லாபமும் உண்டு. பாரம் குறைந்த கார் பிரேக் போட்டால் சீக்கிரம் நிற்கும். வளைவில் லாவகமாகத் திரும்பும். என்ஜினை மட்டும் பலமாக்கினால், இந்த இரண்டும் கிடைக்காது.

கரிவர்தன் இந்த வழியைப் பிடித்தார்.

1983-ம் ஆண்டு இறுதியில் மாருதி 800 கார் விற்பனைக்கு வந்தது. அதன் என்ஜின் 796 சி.சி. மூன்று சிலிண்டர். 40 குதிரைச் சக்திக்கும் குறைவுதான். நடுத்தரக் குடும்பங்கள் கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் போய்வருகிற கார் அது. ஆனால் என்ஜின் இலேசானது. உதிரிச் சாமான்கள் ஊருக்கு ஊர் கிடைத்தன. பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள்.

அந்த என்ஜினை கரிவர்தன் எடுத்துக்கொண்டார். இரும்புக் குழாய்களை இணைத்துச் சட்டம் கட்டினார். கூரை இல்லை. கதவு இல்லை. பின் இருக்கை இல்லை. ஒருவர் மட்டுமே உட்காரலாம். ரேக்ளா வண்டியைப் போல, ஓடுவதற்கு வேண்டியது மட்டுமே அதில் இருந்தது.

1988-ம் ஆண்டு அந்தக் கார்கள் பந்தயத்துக்கு வந்தன. பெயர், பார்முலா மாருதி.

எல்லோருக்கும் ஒரே வகை கார். எல்லோருக்கும் ஒரே வகை என்ஜின். ஆகவே யாரிடம் பணம் அதிகம் என்பது பெரிதாகத் தெரியவில்லை. யார் நன்றாக ஓட்டுகிறார் என்பது தெரிந்தது. வேலியில் ஒரு கதவு திறந்தது.

முளைத்த விதை

அந்தக் கதவு வழியாகப் பல இளைஞர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர், கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தயத் திடலில் பார்முலா மாருதி ஓட்டித்தான் அவர் பந்தய வாழ்க்கையைத் தொடங்கினார். 2005-ம் ஆண்டு, உலகின் மிகப்பெரிய பந்தயமான பார்முலா ஒன்றில் ஓட்டினார். அதில் ஓட்டிய முதல் இந்தியர் அவரே. 2010-ம் ஆண்டு பார்முலா ஒன்றுக்குப் போன சென்னை கருண் சந்தோக்கும் பார்முலா மாருதி ஓட்டியவர்தான்.

இதையெல்லாம் பார்க்கும் பாக்கியம் கரிவர்தனுக்குக் கிடைக்கவில்லை. 1995-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், சிறிய விமான விபத்து ஒன்றில் அவர் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 41.

கோவைக்குப் பக்கத்தில் செட்டிப்பாளையத்தில் இன்று ஒரு பந்தயத் திடல் இருக்கிறது. சுமார் 2 கிலோ மீட்டர் நீளம். கரிவர்தன் நினைவாக அதற்கு "கரி மோட்டார் ஸ்பீட்வே" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கரி கண்ட வழி நம் வீட்டுக் காருக்கும் பொருந்தும். மலைப்பாதையில் கார் திணறுகிறதா? என்ஜினைக் குறை சொல்லும் முன், டிக்கியைத் திறந்து பாருங்கள். வேண்டாத சாமான்களை இறக்கி வையுங்கள்.

காளையைக் குறை சொல்லுவது எளிது. பாரத்தைக் குறைக்கத்தான் அறிவு வேண்டும். அந்த அறிவு, கோவையில் பிறந்த கரிவர்தனுக்கு இருந்தது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் உலகப் பந்தயம் வரை போக அது வழி செய்தது.