ஆதித்த சோழன்: பல்லவரை வீழ்த்திய தஞ்சை மன்னரின் பள்ளிப்படை ஆந்திராவில் இருப்பது ஏன்?

திருப்பதி மாவட்டம் ஸ்ரீகாளஹஸ்திக்குப் போயிருக்கிறீர்களா? பக்கத்திலேயே தொண்டமநாடு என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள பழைய சிவன் கோயில், முதலாம் ஆதித்த சோழனின் பள்ளிப்படை. இறந்த அரசரின் நினைவாக எழுப்பும் கோயிலைத்தான் பள்ளிப்படை என்பார்கள்.

காவிரிக்கரை மன்னருக்கு இவ்வளவு வடக்கே என்ன வேலை?

இரு பெரிய அரசுகளுக்கு நடுவில்

சுமார் 871-ல் பட்டத்துக்கு வந்தபோது ஆதித்தன் பெரிய ராஜா கிடையாது. அப்பா விஜயாலயன் பிடித்த தஞ்சாவூரும் சுற்றுப்புறமும்தான் கையில் இருந்தன. வடக்கே காஞ்சியில் பல்லவர், தெற்கே மதுரையில் பாண்டியர். சோழர், பல்லவருக்குக் கட்டுப்பட்ட சிற்றரசர்கள்.

சுமார் 880-ல் கும்பகோணம் அருகே திருப்புறம்பியத்தில் பல்லவரும் பாண்டியரும் மோதினார்கள். பாண்டியன் இரண்டாம் வரகுணன் தோற்றார். பல்லவன் அபராஜிதனுக்காகப் போரிட்ட கங்க மன்னர் முதலாம் பிருதிவிபதி களத்திலேயே உயிர்விட்டார். ஆதித்தனும் பல்லவர் பக்கமே நின்றதாக வரலாற்றாய்வாளர்கள் சொல்கிறார்கள். பாண்டியர் பின்வாங்க, வென்ற பல்லவரும் தளர்ந்துபோக, லாபம் என்னவோ ஆதித்தனுக்குத்தான்.

சில ஆண்டுகளிலேயே அதே அபராஜிதன் மீது அவர் படையெடுத்தார். யானை மேல் இருந்த பல்லவ மன்னரைப் பாய்ந்து கொன்றார் என்கிறது பிற்காலச் சோழரின் கன்னியாகுமரிக் கல்வெட்டு. 9ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் தொண்டை மண்டலம் சோழர் வசமானது. காளஹஸ்தி வட்டாரமும் அதில் அடக்கம். ஆக, ஆதித்தன் கண்மூடியது வேற்று நாட்டில் இல்லை, தன் ராஜ்ஜியத்தின் வட பகுதியில்தான். தொண்டைமானாற்றூரில் இறந்தவர் என்றே கல்வெட்டுகள் அவரைக் குறிக்கின்றன.

மகனுக்கு வந்த சோதனை

வடக்கே எல்லை விரிந்தால் புதுப் பகையும் வருமே? ஆதித்தன் அதற்குக் கல்யாண உறவைத் துணையாக வைத்திருந்தார். ராஷ்டிரகூட மன்னர் இரண்டாம் கிருஷ்ணனின் மகள் எனக் கருதப்படும் இளங்கோப்பிச்சி அவருடைய மனைவிகளில் ஒருவர். அவர் பெற்ற மகன் கன்னரதேவன்.

ஆனால் 907-ல் அரியணை ஏறியது இன்னொரு மகன் பராந்தகன். பேரனுக்குப் பட்டம் கிடைக்காத கோபத்தில் கிருஷ்ணன் படையெடுத்தார் என்பது ஆய்வாளர்கள் கருத்து. சித்தூர் பக்கம் ஆண்ட பாணர்களும் வைதும்பர்களும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். கங்க மன்னர் இரண்டாம் பிருதிவிபதி சோழர் பக்கம் நின்றார். வேலூர் அருகே திருவல்லத்தில் நடந்த போரில் பராந்தகன் வென்றார்.

தொண்டமநாட்டில் நீங்கள் பார்க்கும் பள்ளிப்படையை அப்பாவுக்காக எழுப்பியவரும் இந்தப் பராந்தகன்தான்.