செத்தும் கொடுத்த சீதக்காதி

ஜனாஸா தொழுகைக்கு முன், மர்ஹூமுக்கும் யாருக்கும் கொடுக்கல் வாங்கல் ஏதும் இருந்தால் எங்களிடம் வந்து பேசிக்கொள்ளுங்கள் என்று குடும்பத்தார் அறிவிப்பது நம் வழக்கம். என்னைப் போன்ற வியாபாரிகளுக்கு இந்த அறிவிப்பு சற்று அழுத்தமாகவே காதில் விழும். கணக்கெல்லாம் தீர்ந்த பிறகு, நம்மை நினைத்துப் பார்க்க யார் இருப்பார்கள் என்ற எண்ணமும் கூடவே வரும். ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு வியாபாரியை இன்றும் தமிழுலகம் அன்போடு நினைக்கிறது. அவர்தான் கீழக்கரை வள்ளல் சீதக்காதி.

ஷெய்கு அப்துல் காதிர் என்பது அவருடைய இயற்பெயர். அதுவே மக்கள் வாயில் சீதக்காதி என்று மருவியது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மரக்காயர் குடும்பத்தில் வந்த அவர் சொந்தக் கப்பல்கள் வைத்துக் கடல் வாணிகம் செய்தார். மிளகு, அரிசி, துணி என்று பல சரக்குகள் அவர் கையில் இருந்தன. தூத்துக்குடியில் கால் ஊன்றியிருந்த டச்சுக்காரர்களுக்கு அவர் பெரும் போட்டியாக விளங்கினார். அவர்களுடைய ஏடுகளில் பெரியதம்பி என்ற பெயரில் அவர் இடம்பெற்றிருக்கிறார்.

இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி அவரை உடன்பிறந்தவர் போல நேசித்தார். தம் குலப் பட்டத்தையே சேர்த்து, விஜய ரகுநாதப் பெரியதம்பி மரக்காயர் என்று அழைக்கச் செய்தார். மன்னர் இந்து, நண்பர் முஸ்லிம். அந்த நட்புக்கு மதம் தடையாக இருக்கவில்லை. இராமநாதபுரம் கோட்டையும் அரண்மனையும் எழுந்ததில் சீதக்காதியின் உதவி உண்டு என்று அந்த வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்கிறார்கள்.

பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்க்கையைத் தமிழில் காப்பியமாகப் பாட வேண்டும் என்பது அவருடைய பெரிய ஆசை. எட்டயபுரம் அரசவைப் புலவரான உமறுப் புலவரிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார். அரபு மூலச் செய்திகளுக்கு, கீழக்கரையின் மார்க்க மேதை சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களை நாடச் செய்தார். ஆனால் நூல் முடியுமுன்பே வள்ளல் மறைந்துவிட்டார் என்பதே நாம் கேட்டு வளர்ந்த வரலாறு.

ஆதரித்தவர் போய்விட்டார் என்று வேலை நின்றுவிடவில்லை. பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரக்காயர் முன்வந்து புலவரைத் தாங்கினார். 5,027 பாடல்கள் கொண்ட சீறாப்புராணம் நமக்குக் கிடைத்தது. அதுவும் நபிகளாரின் வாழ்க்கையை இறுதிவரை சொல்லவில்லை. எஞ்சியதைப் பின்னாளில் பனீ அகமது மரக்காயர் சின்னச் சீறா என்று பாடினார். ஒருவர் தொடங்கியதை அடுத்தவர் தம் கடமையாக எடுத்துக்கொண்டார்.

சீதக்காதியிடம் பரிசில் பெற்றவர்களில் படிக்காசுப் புலவர் ஒருவர். அவர் சைவர். வள்ளல் இறந்தது தெரியாமல் வந்தவர், அடக்கத்தலத்தில் விழுந்து அழுதார் என்றும், உள்ளிருந்து மோதிரக் கை நீண்டது என்றும் கதை உண்டு. கை நீண்டதா என்பது முக்கியமல்ல. இறந்த பிறகும் இவர் கொடுப்பார் என்று ஊரே நம்பும்படி ஒரு மனிதர் வாழ்ந்திருக்கிறாரே, அதுதான் முக்கியம்.

அந்தக் கொடை கடல் கடந்து சிங்கப்பூருக்கும் வந்தது. 1946இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் இங்கே ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கி, உமறுப் புலவர் பெயரைச் சூட்டியது. 1982இல் பள்ளி மூடப்பட்டாலும், உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்தில் இன்றும் நம் பிள்ளைகள் தமிழ் படிக்கிறார்கள். அவர்களில் பல மதத்தவரும் உண்டு. புலவருக்குக் கைகொடுத்த கீழக்கரை வியாபாரிக்கும் அதில் பங்கு இல்லையா?

நம் சங்கத்தின் 50 ஆண்டுகளும் இப்படித்தான் கடந்தன. கடையை அடைத்துவிட்டுக் கூட்டத்துக்கு வந்தவர்கள், தங்கள் பெயரைப் பலகையில் எழுதாமல் பணம் தந்தவர்கள், சகோதரனாகவும் நண்பனாகவும் நம் தோளில் கை போட்டவர்கள் பலர் இன்று நம்மோடு இல்லை. அவர்களை நினைத்துக் கண் கலங்குவது இயல்பு. அத்தோடு நிறுத்திவிட்டால், அபுல் காசிம் மரக்காயர் நமக்குக் காட்டிய வழியை மறந்தவர்கள் ஆவோம். அவர்கள் பாதியில் விட்டுச் சென்ற வேலை எது என்று பார்த்து, அதை நாம் கையில் எடுப்போம்.

எல்லாம் வல்ல அல்லாஹ் மறைந்த நம் பெரியவர்களின் நற்செயல்களை ஏற்று, அவர்களுக்கு உயர்ந்த சுவனபதியை வழங்குவானாக. ஆமீன்.