கேப்டவுன் இமாம் அப்துல்லாஹ் ஹாரூன் (ரஹ்)

ஹிஜ்ரி 1389, ரபீவுல் அவ்வல் மாதம். ஆங்கிலக் கணக்கில் 1969 மே 28. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரத்து முஸ்லிம் இல்லங்கள் மீலாது மஜ்லிஸுகளில் மூழ்கியிருந்த வேளை. அந்நகரின் கிளேர்மான்ட் பகுதியில் ஸ்டெக்மன் ரோடு பள்ளிவாசலின் இமாம் அவர்களைப் பாதுகாப்புப் பிரிவுப் போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள். குற்றப்பத்திரிகை இல்லை, வழக்கு இல்லை, வக்கீல் இல்லை. 123ஆம் நாள் அன்னாரின் மையித்துதான் குடும்பத்தாரிடம் திரும்பி வந்தது.

இமாம் அப்துல்லாஹ் ஹாரூன் என்னும் அந்தப் பெரியாரின் வரலாற்றைத்தான் இம்மாதம் சொல்லப் புகுகிறோம். கேப்டவுன் முஸ்லிம்களுக்கும் நமக்கும் கொஞ்சம் உறவுண்டு. டச்சுக்காரர்கள் அடிமைகளாகவும் கைதிகளாகவும் ஜாவாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் கொண்டுபோய் இறக்கிய மக்களின் சந்ததியார் அவர்களில் பலர். நம் கடற்கரை ஊர்களைப் போலவே அங்கும் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோரே அதிகம். அந்த ஜமாஅத்தின் மூத்த தலைவர்களில் ஒருவரான துவான் குரு அவர்களே 1780இல் ராபன் தீவுச் சிறையில் அடைக்கப்பட்டவர்தாம். சிறைவாசம் அந்தச் சமுதாயத்துக்குப் புதிதல்ல.

அப்துல்லாஹ் ஹாரூன் 1924 பிப்ரவரி 8இல் பிறந்தார்கள். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயார் மௌத்தாகிவிட, தந்தையின் சகோதரியான மர்யம் மாமி எடுத்து வளர்த்தார். பிள்ளையில்லாத அந்த அம்மையார் இபாதத்தில் ஊறியவர். திங்களும் வியாழனும் நோன்பு நோற்கும் பழக்கம் சிறுவருக்கு அந்த வீட்டில்தான் ஒட்டிக்கொண்டது. ஆரம்பப் பள்ளியோடு ஏட்டுப் படிப்பு நின்றது. மக்கமாநகர் சென்று சில காலம் ஓதிவிட்டு, ஊர் திரும்பி ஷைகு அப்துல்லாஹ் தாஹா, ஷைகு இஸ்மாயீல் கனீ ஆகிய ஆலிம்களிடம் ஓதினார்கள். 1950இல் கலீமா என்னும் மங்கையை நிக்காஹ் செய்தார்கள். மூன்று மக்கள் பிறந்தார்கள்.

1955இல் ஸ்டெக்மன் ரோடு பள்ளியில் இமாமத் பொறுப்பேற்றபோது அன்னாருக்கு வயது 31. இளைஞர்கள் அன்னாரைச் சூழ்ந்துகொண்டதற்குக் காரணம் பயான் மட்டுமல்ல. அழகாக உடுத்துவார்கள், துருக்கித் தொப்பி ஒருபோதும் தலையை விட்டு இறங்காது, கிரிக்கெட்டும் ரக்பியும் பிடிக்கும். பெரியவர்களில் சிலர் முகம் சுளித்திருக்கலாம். ஆனால் பந்தாட்ட மைதானத்திலிருந்து பள்ளிக்குப் பையன்களைக் கூட்டி வரத் தெரிந்த இமாம் எத்தனை மஹல்லாவுக்குக் கிடைக்கிறார்? 1958இல் கிளேர்மான்ட் முஸ்லிம் இளைஞர் சங்கம் தோன்றியது. பெண்களுக்கும் மார்க்க வகுப்புகள் நடந்தன. முஸ்லிம் நியூஸ் என்னும் பத்திரிகையிலும் அன்னாரின் கை இருந்தது.

இமாமத்தை நம்பி அன்னார் பிழைக்கவில்லை. வில்சன் ரவுண்ட்ரீ என்னும் மிட்டாய்க் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி வேலை பார்த்தார்கள். இந்த வேலையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளையர் அரசு மக்களைத் தோலின் நிறம் பார்த்துப் பிரித்து, இன்ன நிறத்தார் இன்ன இடத்தில்தான் வாழலாம் என்று சட்டம் போட்டிருந்த நாடு அது. கறுப்பின மக்கள் அடைக்கப்பட்டிருந்த லாங்கா, நியாங்கா, குகுலேத்து குடியிருப்புகளுக்குள் வெளியார் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். மிட்டாய் விற்கப் போகும் இமாமுக்கு அந்தச் சீட்டு இருந்தது. பெட்டியில் மிட்டாய் இருக்கும். பையில் பணம் இருக்கும். சிறைக்குப் போனவர்களின் மனைவி மக்களுக்கு அந்தப் பணம் போய்ச் சேரும். கலிமாச் சொல்லாத அந்த மக்களும் தங்கள் மொழியில் பாதிரியாரை அழைக்கும் மரியாதைச் சொல்லால் அன்னாரை அழைத்தார்கள்.

1960 மார்ச் 21இல் ஷார்ப்வில் என்னும் ஊரில் போலீசார் சுட்டு 69 பேர் மாண்டனர். அதற்குப் பிறகு அன்னாரின் குத்பாக்கள் சூடேறின. நிறபேதம் இஸ்லாத்துக்கு முற்றிலும் மாறானது என்று மிம்பரிலிருந்து பகிரங்கமாகச் சொன்னார்கள். நிறச்சட்டம் அன்னாரின் சொந்த வீட்டையும் விடவில்லை. கிளேர்மான்ட் வெள்ளையர் பகுதி என அறிவிக்கப்பட்டதும் குடும்பம் ஆத்லோன் பக்கம் குடிபெயர நேர்ந்தது. பள்ளிவாசல் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. அரசியல் கைதிகளின் குடும்பங்களுக்கு உதவி வந்த ஒரு நிதியமைப்பை 1966இல் அரசு தடை செய்தது. லண்டனில் அதை நடத்தியவர் காலின்ஸ் என்னும் கிறிஸ்தவப் பாதிரியார். அவரோடும் இமாம் அவர்களுக்குத் தொடர்பு இருந்தது. அரசின் கண்ணில் இதெல்லாம் பயங்கரவாதம்.

1967இல் இயற்றப்பட்ட பயங்கரவாதச் சட்டத்தின் ஆறாம் பிரிவு இப்படி: உயர் போலீஸ் அதிகாரி ஒருவர் நினைத்தால் யாரையும் காலவரையறையின்றி அடைத்துவைக்கலாம். எந்தக் கோர்ட்டும் தலையிட முடியாது. மனைவி, மக்கள், வக்கீல் எவரும் பார்க்க முடியாது. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை மாஜிஸ்திரேட் ஒருவர், அதுவும் சூழ்நிலை இடம் கொடுத்தால், கைதியைப் பார்க்கலாம். இந்தச் சட்டத்தின் கீழ்தான் இமாம் அவர்கள் முதலில் காலிடன் ஸ்கொயர் காவல் நிலையத்திலும் பின்னர் மெய்ட்லாண்ட் காவல் நிலையத்திலும் தனிமைச் சிறையில் வைக்கப்பட்டார்கள். கடைசி மகளுக்கு அப்போது வயது ஆறு.

செப்டம்பர் 27இல் அன்னார் வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். வயது 45.

போலீசார் சொன்ன காரணம் இது: செப்டம்பர் 19ஆம் தேதி மாடிப்படியில் தவறி விழுந்துவிட்டார். பிரேதப் பரிசோதனையில் கண்டவையோ வேறு கதை பேசின. உடலில் இருபதுக்கு மேற்பட்ட கன்றிய காயங்கள். ஒரு விலா எலும்பு முறிந்திருந்தது. காயங்களெல்லாம் ஒரே நாளில் ஏற்பட்டவையுமல்ல. சில பழையவை, சில புதியவை. ஒரு நாள் விழுந்த விழுக்காடு வெவ்வேறு நாளின் காயங்களை எப்படித் தரும்? இந்தக் கேள்விக்குப் பதில் வராமலேயே 1970இல் மாஜிஸ்திரேட் விசாரணையை முடித்தார். இருதயத்துக்கு இரத்த ஓட்டம் குறைந்ததால் மரணம், படியில் விழுந்த அடியும் அதற்குத் துணைபோயிருக்கலாம், எவர் மீதும் குற்றமில்லை என்பது தீர்ப்பு. நாடாளுமன்றத்தில் ஹெலன் சுஸ்மன் என்னும் வெள்ளைக்கார அம்மையார் இம்மரணத்தைக் கிளப்பிப் பேசினார். பலனில்லை.

வாசகர்கள் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். ஒரு பேச்சுக்குப் போலீசாரின் கூற்றையே ஒப்புக்கொள்வோம். 19ஆம் தேதி விழுந்தவர் 27ஆம் தேதி இறக்கிறார். இடையில் எட்டு நாட்கள். உடம்பெல்லாம் கன்றி, விலா முறிந்த மனிதர் காவல் நிலைய அறையிலேயே கிடக்கிறார். ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லவில்லை. தம் காலால் நடந்து வைத்தியரிடம் போக அன்னாருக்கு வழியில்லை. கதவின் சாவி அவர்களிடம். அடித்தார்களா, விழுந்தாரா என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். பூட்டியவனே பராமரிக்கவும் கடமைப்பட்டவன் என்பது மார்க்கம் தெளிவாகச் சொல்லிவிட்ட விஷயம். ஒரு பூனையைக் கட்டிவைத்துத் தானும் தீனி போடாமல், அதுவாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகத்துக்குரியவளானாள் என்ற நபிமொழி நம் வீட்டுச் சிறுவர்களுக்கும் தெரியும். அவள் பூனையை அடித்துக் கொன்றதாக அந்த ஹதீஸில் இல்லை.

பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளுக்கு ஸஹாபாக்கள் ரொட்டியைக் கொடுத்துவிட்டுத் தாங்கள் பேரீச்சம்பழத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். இமாமுல் அஃளம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 150இல் கலீஃபா மன்ஸூரின் சிறையில் வஃபாத்தானார்கள் என்றே வரலாற்றாசிரியர் பலர் எழுதுகின்றனர். அன்னாரின் மாணவர் காழி அபூயூஸுஃப் (ரஹ்) பின்னாளில் கலீஃபா ஹாரூன் ரஷீதுக்கு எழுதிக்கொடுத்த கிதாபுல் கராஜில், கைதிக்கு உணவுக்குப் பணமும், கோடைக்கும் குளிருக்கும் தனித்தனி உடையும், நாதியின்றி இறந்தால் கஃபனும் பைத்துல்மாலிலிருந்து கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தியிருக்கிறார்கள். உஸ்தாதின் கடைசி நாட்கள் அந்தப் பேனாவுக்குள் இருந்திருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்தாதில் வஸீராக இருந்த அலீ இப்னு ஈஸா, தலைமை வைத்தியர் ஸினான் இப்னு தாபித்துக்குக் கடிதம் எழுதி, நாள்தோறும் வைத்தியர்களை மருந்தோடு சிறைகளுக்கு அனுப்பச் செய்தார். கூட்ட நெரிசலில் கிடப்பவர்களுக்கு நோய் வராமலிராது, வைத்தியரைத் தேடிப்போகவும் அவர்களால் ஆகாது என்பதே அவர் கண்ட நியாயம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் புரிந்தது 1969இல் கேப்டவுனில் புரியவில்லை.

அதன் பின்பும் அந்நாட்டில் புரியவில்லை. 1977 செப்டம்பரில் ஸ்டீவ் பிகோ என்னும் கறுப்பின இளந்தலைவரின் தலையில் காவலில் அடிபட்டது. அவரை வைத்தியர்கள் வந்து பார்க்கத்தான் பார்த்தார்கள். பார்த்தும், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போலீஸ் வண்டியின் பின்புறத்தில் நிர்வாணமாகக் கிடத்திக் கொண்டுபோக விட்டுவிட்டார்கள். அவர் இறந்தார். அந்த வைத்தியர்கள் மீது மருத்துவக் கவுன்சில் நடவடிக்கை எடுத்தது 1985இல்தான்.

இமாம் அவர்களின் ஜனாஸாவுக்கு வருவோம். செப்டம்பர் 29, திங்கட்கிழமை. முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் சந்தூக்கைத் தோள் மாற்றிச் சுமந்து, சுமார் பத்துக் கிலோமீட்டர் நடந்து மௌப்ரே மையவாடி சேர்ந்தார்கள். முஸ்லிமல்லாதாரும் அதில் இருந்தார்கள். அன்றிரவு அந்த மாகாணத்தையே உலுக்கிய பூகம்பம் ஒன்று வந்தது. இமாமின் மௌத்துக்காகவே பூமி குலுங்கியதென்று மக்கள் பேசிக்கொண்டார்கள், இன்றும் பேசுகிறார்கள். நாம் அப்படிச் சொல்லத் துணிய மாட்டோம். அருமை மகனார் இப்ராஹீம் வஃபாத்தான அன்று சூரிய கிரகணம் பிடித்தபோது, எவருடைய மௌத்துக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திருத்தியிருக்கிறார்கள்.

நம்மை உறுத்துவது வேறொன்று. ஜனாஸாவுக்கு முப்பதாயிரம் பேர். அதற்கு முந்திய 123 நாட்களில்? பள்ளிகளின் தலைவர்களிலும் ஆலிம் பெருமக்களிலும் மிகப் பலர் அந்த நாட்களில் வாய் திறக்கவில்லை என்பது கேப்டவுன் முஸ்லிம்களே வருத்தத்தோடு ஒப்புக்கொள்ளும் செய்தி. அவர்கள் பயந்ததில் அதிசயமில்லை, அப்படிப்பட்ட சட்டம். ஆயினும் பசித்தவருக்கு உணவளிப்பதையும் நோயாளியை நலம் விசாரிப்பதையும் சிறைப்பட்டவரை விடுவிப்பதையும் ஒரே மூச்சில் ஏவியிருக்கிறார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். ஜனாஸாத் தொழுகை ஃபர்ளு கிஃபாயா என்று நம்மில் யாவருக்கும் தெரியும். கைதியை மீட்க முயல்வதையும் அந்தக் கடமைகளோடு சேர்த்தே ஃபிக்ஹு நூல்கள் எழுதியிருக்கின்றன. அந்தப் பாடம் மதரஸாவில் எந்த வருடம் வருகிறது என்று ஹஜ்ரத்மார்களைக் கேட்டால் தெரியும். லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தில் காலின்ஸ் பாதிரியார் இமாம் அவர்களுக்காக நினைவு நிகழ்ச்சி நடத்தினார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

கலீமா அம்மையார் கைம்பெண்ணாகப் பிள்ளைகளை வளர்த்தார். 1994இல் நிறவெறி ஆட்சி போனது. ஆனால் படியில் விழுந்து இறந்தார் என்ற பழைய பதிவு அப்படியே கிடந்தது. அதை மாற்றக் கோரிக் குடும்பத்தார் ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். 2022 நவம்பரில் மேற்கு கேப் உயர் நீதிமன்றம் வழக்கை மறுபடி எடுத்தது. அந்தப் படிக்கட்டையும் உடற்காயங்களையும் நிபுணர்கள் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். 2023 அக்டோபர் 9ஆம் தேதி நீதிபதி துலாரே 1970இன் தீர்ப்பை ரத்து செய்தார். இமாம் அவர்கள் பாதுகாப்புப் பிரிவுப் போலீசாரின் சித்திரவதையால் மரணமடைந்தார்கள், படியில் விழுந்ததாகச் சொன்னது பொய் என்று தீர்ப்பாயிற்று. சித்திரவதை செய்தவர்கள் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள்.

அந்தத் தீர்ப்பைக் கேட்க மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். தாயார் இல்லை. கணவரின் ஜனாஸா நடந்து சரியாக ஐம்பது ஆண்டுகள் நிறைந்த நாளில், 2019 செப்டம்பர் 29இல், அந்த அம்மையார் காலமாகியிருந்தார்.