பெயரை மறைத்து வாழ்ந்த பில் வில்சன்

புது தில்லி: குடிநோயாளிக்குக் குடிநோயாளியே துணை என்பதைத் தமது வாழ்க்கையால் நிறுவியவர் அமெரிக்கரான பில் வில்சன். 1895-இல் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்த அவர், நியூயார்க் பங்குச் சந்தையில் ஈட்டியதையெல்லாம் குடியால் இழந்தார். பலமுறை மருத்துவமனையில் சேர்ந்து, 1934 டிசம்பரில் குடியைக் கைவிட்டார்.

ஐந்தே மாதங்களில் சோதனை வந்தது. தொழில் நிமித்தம் ஒஹையோவின் ஏக்ரான் நகருக்குச் சென்ற முயற்சி தோற்றது. தங்கியிருந்த ஹோட்டலின் மதுக்கூடம் ஈர்த்தது. அவரோ தொலைபேசியை எடுத்து, தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து, தம்மைப் போன்ற ஒரு குடிநோயாளியைத் தேடினார். கிடைத்தவர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். கால் மணி நேரமே ஒதுக்கி வந்த அவர், பல மணி நேரம் அமர்ந்துவிட்டார். வில்சன் உபதேசம் செய்யவில்லை. தம் கதையைச் சொன்னார்.

அச்சந்திப்பே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பானது. கட்டணம் இல்லை, குடியை விடும் விருப்பமே தகுதி. இந்தியாவில் அதன் கூட்டம் பம்பாயில் 1957-இல் தொடங்கியது. அரசியல் சட்டத்தின் 47-ஆவது பிரிவு மதுவிலக்கைப் பேசுகிறதே தவிர, வீழ்ந்தவர் மீள்வது குறித்து ஏதும் கூறவில்லை.

யேல் பல்கலைக்கழகம் 1954-இல் வழங்க முன்வந்த டாக்டர் பட்டத்தை வில்சன் ஏற்கவில்லை. மதுவை வென்றவரைப் புகையிலை நெடுங்காலம் விடவில்லை; நுரையீரல் நோயுற்று 1971 ஜனவரியில் மயாமியில் காலமானார். அதன் பிறகே அவரது முழுப்பெயரை உலகம் பரவலாக அறிந்தது.